உப்புக்காத்துக்கு விழுந்த கைதட்டல்

சங்குமுனையில் கைதட்டல் வந்து தங்கிப்போனதற்கு யார் காரணம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அன்றைக்கு அடித்த கொண்டல்காற்று காரணம் என்பார்கள், மாதா கோயில் கொடியேறிய நாளிலேயே கச்சேரி வைத்தது காரணம் என்பார்கள், கடல் அப்படித்தான், கொடுத்ததைச் சில சமயம் திருப்பி வாங்காது என்பார்கள். லம்பர்ட் மட்டும் அந்தப் பேச்சு எடுத்தாலே டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார், ஏனென்றால் அவருக்குக் காரணம் தெரியும், அந்தக் காரணம் அவருடைய வலது கை.

அது கேசட் காலம். லம்பர்ட்டுக்கு அப்போது முப்பது சொச்சம் வயது. கல்யாணமோ சாவோ, மாதா கோயில் திருவிழாவோ அம்மன் கோயில் கொடையோ, லம்பர்ட் சவுண்ட் சர்வீஸ் குழாய் கட்டாமல் ஊரில் ஒன்றும் நடக்காது, குழாய் கட்டுவதோடு ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துத் தெருத்தெருவாக அறிவிப்புச் சொல்வதும் அவர்தான், அவர் சொல்லிக்கொண்டு போனால் கருவாட்டுக் கூடையோடு சந்தைக்கு ஓடுகிறவள்கூட நின்று, நம் வாழ்க்கையில் ஏதோ நடக்கப்போகிறது என்கிற மாதிரி கேட்பாள். அப்பேர்ப்பட்ட குரல். அந்தக் குரலுக்குத் தகுந்த சேதிதான் ஊரில் இல்லை. உப்பையும் கருவாட்டையும் விட்டால் வெளியூர்க்காரன் வாயில் சங்குமுனை என்ற பேர் வருவதற்கு வேறு முகாந்திரம் கிடையாது, அது லம்பர்ட்டுக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பூட்டிக்கிடந்த ஐஸ் பேக்டரி வழியாக அவர் போகும்போது உடைந்த ஜன்னலுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் மூன்று பிள்ளைகள். துறைமுக ஆபீஸ் பியூனின் மகள் ஜெசிந்தா பாடிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் கிட்டாரோடு ஹில்லாரி, பின்னால் டிரம்ஸ் என்ற பேரில் மீன்பெட்டிகளையும் ஒரு தகரத்தையும் வைத்துக்கொண்டு டயர் கடைக்காரர் மகன் சுயம்பு. உப்புக்காத்து என்று தங்களுக்குத் தாங்களே பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள். லம்பர்ட் காதில் விழுந்தது ஒரே ஒரு வரி. அதற்கே அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, இரண்டாவது வரிக்கு அவர் நிற்கவில்லை, நேராக அச்சாபீசுக்குப் போனார்.

முதலில் "வருகிறது உப்புக்காத்து" என்று மட்டும் போட்டுத் திருநெல்வேலி, மதுரை வரைக்கும் போஸ்டர் ஒட்டினார், அதைப் புயல் எச்சரிக்கை என்று நினைத்துப் படகைக் கரையேற்றியவர்களும் உண்டு; பிறகு மூன்று முகங்களோடு போஸ்டர், பிறகு பனையைவிட உயரமாகக் கட்-அவுட், பிறகு சலூனில் ஹில்லாரி கிராப்பு என்று ஒரு கிராப்பு, ஜவுளிக்கடையில் ஜெசிந்தா நீலம் என்று ஒரு நீலம், பஸ் ஸ்டாண்டில் சுயம்பு அல்வா, பிறக்கிற பெண்குழந்தைகளில் பாதிக்கு ஜெசிந்தா என்று பேர். மூன்று பேரில் யார் முதலில் உலகப்புகழ் அடைவார்கள் என்று கல்லூரிப் பையன்களுக்குள் அடிதடியாகி ஒருவனுக்கு முன்பல் போனது. கடைசியில் மெட்ராஸ் வாரப்பத்திரிகை ஒன்று நடுப்பக்கத்தில் படம் போட்டது, ஒரு கேசட் கம்பெனி, கச்சேரிக்கு ஆள் அனுப்புகிறோம், பதிவு செய்துகொள்கிறோம் என்று தந்தி கொடுத்தது. இத்தனையும் நடந்து முடிந்தபோது உப்புக்காத்தின் ஒரு பாட்டைக்கூட ஊரில் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

ஜெசிந்தா ஒருநாள் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு வந்தாள். மெலிந்த பெண், பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசுகிற பழக்கம்.

"லம்பர்ட் அண்ணே, எங்ககிட்ட நாலே பாட்டுதான் இருக்கு. அதுலயும் ரெண்டு இன்னும் முடியல."

"நாலு போதும் பிள்ள."

"மேல போகும்போது எனக்கு மூச்சு பத்தலண்ணே. முதல்ல பள்ளிக்கூட ஹாலுல ஒரு அம்பது பேரை உக்காரவச்சுப் பாடிப் பாக்கோமே. அப்புறம் ரெண்டு கல்யாணம், ஒரு கோயில் கொடை, அப்படிப் போறோம். கொஞ்ச நாள் குடுங்க."

லம்பர்ட் சிரித்தார். "அம்பது பேருக்குப் பாடுறதுக்கு நீ எதுக்கு? ரேடியோப் பெட்டி போதும். நீ பாட்டை மட்டும் பாத்துக்கோ, ஊரை நான் பாத்துக்கிடுதேன்."

அவள் இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அச்சாபீசிலிருந்து ஆள் வந்துவிட்டதால் அவர் போய்விட்டார்.

ஊரைப் பார்த்துக்கொள்வது என்றால், கம்பெனி ஆள் அசந்துபோகிற மாதிரி ஊருக்குக் கைதட்டக் கற்றுக்கொடுப்பது. அதற்காக லம்பர்ட் ஒவ்வொரு தெருவாகப் போனார், வலைக்காரத் தெருவில் வலை பின்னுகிறவர்களையும் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களையும் பீடி சுற்றுகிற பெண்களையும் நிறுத்திவைத்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்டுங்கள், அப்போதுதான் கனமாக விழும் என்று சொல்லிக்கொடுத்தார், ஜெசிந்தா மேடையில் கால் வைத்ததும் ஆரம்பிக்கவேண்டும், நான் மேடை ஓரத்தில் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், கையை இறக்கும்வரைக்கும் ஒருத்தரும் நிறுத்தக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சாவு வீட்டில்கூட ஆட்கள் ஓரமாக நின்று பழகினார்கள்.

கச்சேரியன்று சாயங்காலம் பண்டகசாலைத் திடலில் எள் விழ இடமில்லை. ஜெசிந்தா நீலச் சேலையில் மேடையில் கால் வைத்தாள், லம்பர்ட் கையைத் தூக்கினார், சங்குமுனை மொத்தமும் கைதட்டியது. அந்தச் சத்தம் திடலிலிருந்து எழும்பித் தென்னைகளுக்கு மேலே போய்க் கடலில் இடித்துத் திரும்பி வந்தபோது லம்பர்ட்டுக்குத் தன் கைநுனியில் அத்தனை ஜனமும் தொங்குகிற மாதிரி இருந்தது. போதும் என்று அவருக்குத் தெரிந்தது. ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள், மைக்கை வாயருகே கொண்டுவந்து, இறக்குங்கண்ணே என்று கண்ணால் சொன்னாள். இன்னும் கொஞ்சம் என்று லம்பர்ட் நினைத்தார். அவள் மறுபடி பார்த்தாள், ஹில்லாரியும் பார்த்தான். இன்னும் ஒரே ஒரு கொஞ்சம் என்று நினைத்தார், அந்த ருசி அப்படி. அதற்குப் பிறகு அவர் கையை இறக்கியபோது, சொல்லிக்கொடுத்தபடியே எல்லோரும் சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஜனங்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள், பக்கத்து ஆளின் கைகளைப் பார்த்தார்கள், எல்லார் கையும் சும்மாதான் இருந்தது, கைதட்டல் அது பாட்டுக்குத் தலைக்குமேல் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பாட ஆரம்பித்தார்கள், நாலு பாட்டையும் பாடி முடித்தார்கள், ஜெசிந்தாவின் கழுத்து நரம்பு புடைத்ததையும் சுயம்புவின் கையில் குச்சி உடைந்ததையும் முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஒரு சொல் யார் காதிலும் விழவில்லை. கேசட் கம்பெனி ஆள் மெட்ராஸுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் நாடா முழுக்கக் கைதட்டல்தான் இருந்தது. நடுப்பக்கத்தில் படம் போட்ட அதே பத்திரிகை, ஊரை ஏமாற்றிய வாயசைப்பு என்று மூலையில் ஒரு துணுக்கு எழுதியது.

அந்தப் பேச்சு ஊரில் பரவாமலாவது லம்பர்ட் தடுத்திருக்கலாம். டீக்கடையில் நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு, "வேய் லம்பர்ட்டு, ஊருக்கே தெரியாட்டாலும் உமக்குத் தெரியுமே, அந்தப் பிள்ளைக உண்மையில எப்படித்தான் பாடும்?" என்று கேட்டார்கள். தெரியாது, ஒரு வரிக்குமேல் கேட்டதில்லை என்று சொன்னால் இத்தனை மாதம் அவர் குரலை நம்பி நின்ற ஊர் காறித் துப்பும். லம்பர்ட் ஏமாந்துபோனவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சுமார்தான். நானும் ரொம்ப நம்பிட்டேன்" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தச் சுமார் எல்லா வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்தது. கட்-அவுட்டை இறக்கி அதன் பலகையில் ஒருவர் கோழிக்கூண்டு செய்தார். ஹில்லாரி கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போய்விட்டான், சுயம்பு அப்பாவின் டயர் கடையில் உட்கார்ந்தான், ஜெசிந்தா இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து கையில் உறையும் தலையில் தொப்பியுமாக இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் திடலிலேயே இருந்துகொண்டது. முதல் மாதம் ஊர் அதைத் திட்டியது, திடலைச் சுற்றியிருந்த வீடுகளில் வாடகைக்கு ஆள் வரவில்லை, காக்கைகள் வேறு ஊருக்குப் போயின. அப்புறம் மூடுபனிக் காலத்தில் கரை தெரியாமல் தவித்த படகுகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன, அதோடு திட்டு குறைந்தது. பரீட்சையில் தோற்ற பிள்ளைகளைத் தகப்பன்மார் அங்கே கொண்டுபோய்க் கொஞ்சநேரம் நிறுத்திக் கூட்டிவந்தார்கள், தாலி கட்டியதும் மாப்பிள்ளை பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற மாதிரி திடலுக்கும் கூட்டிப்போகிற வழக்கம் வந்தது, எதிர்க்கட்சி ஆளுங்கட்சி எதுவானாலும் கூட்டம் அங்கேதான், பேசுவது ஒன்றும் கேட்காது, ஆனாலும் பேசியவர்கள் எல்லாரும் திருப்தியாகப் போனார்கள். கண்டக்டர்கள் "கைதட்டெல்லாம் எறங்கு" என்று கத்தினார்கள், சுண்டல் கடையும் பலூன் கடையும் வந்தன, திடலோரம் பிறந்த குழந்தைகள் அந்தச் சத்தம் இல்லாத ஊரில் தூங்கமாட்டோம் என்று அழுதன. வெளியூர்க்காரன் வாயில் இப்போது சங்குமுனை என்ற பேர் வந்தது. லம்பர்ட்டைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். சால்வை போட்ட இடம் பல நாள் அவருக்கு அரித்தது.

இவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று ஜெசிந்தாவின் வீட்டில் நடந்தது. கல்யாணமாகிப் பெண்குழந்தை பிறந்து, அதைத் தொட்டிலில் போட்டு மெல்ல ராகம் இழுத்தாள். இழுத்த மாத்திரத்தில் திடலிலிருந்த கைதட்டல், பேர் சொன்னால் ஓடிவருகிற நாய் மாதிரி தெருவைத் தாண்டி ஓடிவந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து தொட்டிலைச் சுற்றிக் கொட்டியது. குழந்தை வீறிட்டது. அவள் வாயை மூடியதும் அது திடலுக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு ஜெசிந்தா பாத்திரம் கழுவும்போதுகூட முனகியதில்லை. அந்தக் குழந்தை ஒரு தாலாட்டும் கேட்காமல் வளர்ந்தது. இதை லம்பர்ட்டுக்குச் சொன்னது அவருடைய மனைவி பெர்னா, மீன் அரிந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள், அன்றைக்கு வைத்த குழம்பை லம்பர்ட்டால் சாப்பிட முடியவில்லை.

வருஷங்கள் போயின. ஹில்லாரி கப்பலை விட்டு வந்து இறங்கியபோது தலை நரைத்திருந்தது, எஞ்சின் சத்தம் காதைத் தின்றிருந்தது. அவன் நேராக லம்பர்ட் கடைக்கு வந்து, காது மங்கியவர்கள் பேசுகிற உரத்த குரலில் பேசினான்.

"அண்ணே, டாக்டர் சொல்லிட்டாரு, மிச்சமிருக்கிறதும் சீக்கிரம் போயிரும்னு. போறதுக்குள்ள எங்க பாட்டை ஒரு தடவை நான் கேக்கணும். பழகினதோட சரி, முழுசா முடிச்சு நானே இன்னும் கேட்டதில்ல. மேடையில எனக்கும் கேக்கல."

"ஜெசியப் பாடச் சொல்லேன்டா" என்று சொல்லிவிட்டு, சொன்னதன் அபத்தம் உறைத்து லம்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்கதான தொடங்கி வச்சீங்க" என்றான் ஹில்லாரி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் லம்பர்ட்டுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

லம்பர்ட் திடலுக்குப் போய், மேடை இருந்த இடத்தில் நின்று, வலது கையைத் தூக்கி இறக்கினார். திரும்பத் திரும்பத் தூக்கித் திரும்பத் திரும்ப இறக்கினார், சுண்டல் விற்கிறவர் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மைக் வைத்துக் கெஞ்சிப் பார்த்தார். மாதா கோயில் சாமியாரைக் கூட்டிவந்து மந்திரிக்கச் சொன்னார், சாமியாரும் அந்தச் சத்தத்தில் மனம் குளிர்ந்து நெடுநேரம் செபம் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார். எல்லாம் தோற்றபிறகு லம்பர்ட் இறால் கம்பெனி வாசலில் போய் நின்றார். வேலை முடிந்து வெளியே வந்த ஜெசிந்தா அவரைக் கண்டதும் நின்றாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

"என்னால நிறுத்த முடியலம்மா" என்றார். "எல்லாஞ் செஞ்சு பாத்துட்டேன்."

ஜெசிந்தா அவருடைய காதைப் பார்த்தாள். "எங்க பாட்டை நீங்க ஒண்ணாவது முழுசாக் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப சுமார்னு சொன்னது?"

லம்பர்ட் அவளுடைய வெளுத்த விரல்களைப் பார்த்தார்.

"எனக்கு அப்ப பத்தொம்பது வயசுண்ணே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சு நான் அதை நம்பிட்டேன்" என்றாள் அவள். கொஞ்சதூரம் நடந்துபோய்த் திரும்பி நின்றாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஐஸ் பேக்டரிக்கு வாங்க. வந்து உக்காந்து கேளுங்க. கேக்காது. ஆனாலும் உக்காந்து கேளுங்க."

அவர் போனார். சுயம்பு கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான், ஹில்லாரி கிட்டாரை மடியில் வைத்திருந்தான். ஜெசிந்தா வாயைத் திறந்ததும் கைதட்டல் ஓடிவந்து ஜன்னலெல்லாம் நிறைந்தது. லம்பர்ட் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து, அவளுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து, காதைக் கையால் குவித்துக்கொண்டு, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் காதில் கத்தியே பிழைத்த மனுஷனுக்குக் கேட்பது எப்படி என்று தெரியவில்லை, கழுத்து வலித்தது, மனம் ஆயிரம் இடத்துக்கு ஓடியது, ஓடியதை இழுத்து இழுத்து அவள் உதட்டில் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. மழைக்காலம் வந்துபோனது. அப்புறம் ஒரு ஞாயிறு, கைதட்டலுக்கு அடியில், சோற்றுக்குள் கல் கடிபடுகிற மாதிரி "படகு" என்ற ஒரே ஒரு சொல் அவர் காதில் கடிபட்டது. லம்பர்ட் குழந்தை மாதிரி அழுதார்.

என்னத்துக்கு இந்த ஆள் வாராவாரம் அங்கே போகிறார் என்று பார்க்க பெர்னா வந்தாள், வந்தவள் அவளும் காதைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்பல் போனவன் தன் பெண்டாட்டியோடு வந்தான். ஜெசிந்தா என்று பேர் வைக்கப்பட்டு, அந்தப் பேருக்காகப் பள்ளிக்கூடத்தில் கேலிபட்டு வளர்ந்த பெண்கள் கூட்டமாக வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஆளும் குனிந்து கேட்கக் கேட்கக் கைதட்டல் ஒரு மரக்கால் அளவு குறைந்த மாதிரி இருந்தது, திடலிலும் குறைந்தது. சுண்டல் கடைக்காரரும் பலூன் கடைக்காரரும் கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து சண்டை பிடித்தார்கள்.

"ஊருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் அழிக்கப் பாக்கீரா?" என்றார் கவுன்சிலர்.

"அது ஊருக்குள்ளது இல்லங்க" என்றார் லம்பர்ட். "இந்த மூணு பேருக்கு விழுந்தது. நான் திருடி ஊருக்குக் குடுத்தது."

கவுன்சிலர் ஐஸ் பேக்டரிக்குப் பூட்டுப் போட்டார். மறுநாளே போலீஸில் ரிட்டையரான ஒரு ஏட்டு, தினமும் காலையில் திடலுக்குப் போய் விறைப்பாக நின்றுவிட்டு வருகிறவர், கல்லை எடுத்து அந்தப் பூட்டை உடைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, எனக்காகத்தான் தட்டுகிறது என்றே இத்தனை வருஷம் நினைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்றார்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, ஜெசிந்தா பாட ஆரம்பித்ததும் கைதட்டல் வந்தது, ஜன்னல் வரைக்கும் வந்து, மழை விட்டபின் ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி நாலைந்து தட்டுத் தட்டி, நின்றுபோனது. அவள் தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுப் பாட்டை நிறுத்தினாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து முழுப் பாட்டையும் பாடினாள். கரைக்கு வராத படகுகளுக்கு ஊரில் ஒருத்தி ஒவ்வொன்றாகப் பேர் வைத்துக்கொண்டே வருகிற பாட்டு. பிரமாதமான பாட்டு என்று சொல்லமுடியாது. சிறுபிள்ளைகள் கட்டியது என்று தெரிந்தது, இரண்டு இடத்தில் வார்த்தை மெட்டில் உட்காரவில்லை, அவள் குரலில் துரு ஏறியிருந்தது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் கிட்டார் கீழே இறங்கும்போது குரல் அதை விட்டுவிட்டு மேலே போனது, போன இடத்தில் கொஞ்சநேரம் தனியாக நின்றது, அந்த இடத்தில் லம்பர்ட்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் பாடிப் பாடி, பத்து வருஷம் மோசமாகப் பாடியே அந்த ஓர் இடத்திலிருந்து எங்கேயோ போயிருப்பார்கள். அவர் அவர்களிடமிருந்து பிடுங்கியது புகழை இல்லை. அந்தப் பத்து வருஷத்தை.

பாட்டு முடிந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் பெரிதாக ஊதியது, எல்லோரும் திரும்பினார்கள், ஹில்லாரி மட்டும் திரும்பவில்லை. அவன் ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், விரல் இன்னும் கம்பியில் இருந்தது. லம்பர்ட் சுயம்புவைப் பார்த்தார். போன வாரத்தோடு அவனுக்குக் காது முழுக்கப் போய்விட்டது என்று சுயம்பு தலையை ஆட்டி மெல்லச் சொன்னான். லம்பர்ட் பெட்டியைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹில்லாரி அவர் பக்கம் திரும்பினான். "எப்படிண்ணே இருந்துச்சு?" என்று அந்தச் சின்ன அறைக்குப் பெரிதான குரலில் கேட்டுவிட்டு, பதிலைப் பிடிப்பதற்காக அவர் வாயைக் கூர்ந்து பார்த்தான்.

லம்பர்ட்டின் தொண்டையில் பழைய வார்த்தைகள் எல்லாம் தாமாக வரிசைகட்டி வந்து நின்றன, உலகமே திரும்பிப் பார்க்கும், இப்படி ஒரு பாட்டு இதுவரை இல்லை, இனிமேலும் இல்லை. அத்தனையையும் விழுங்கினார். பிறகு உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நல்லா இருந்துச்சு. ரெண்டாவது சரணத்துல சுயம்பு முந்திட்டான்."

ஹில்லாரியின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான், கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கியது, "முந்துனானா? முந்துனானா?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தான், சுயம்பு முகம் சிவந்து தகரத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை, லம்பர்ட்டைப் பார்க்கவுமில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுயம்புவிடம், "ரெண்டாவது சரணத்துலருந்து எடு. மெதுவா" என்றாள்.